பிலோமினா வீட்டுப் பலகை

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. வயது முப்பத்தாறு, பெயர் வடிவு. தூத்துக்குடியில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, பெரிய கட்டடங்களைச் சாண் உயரத்தில் செய்து கொடுப்பது அவள் தொழில். சீடர் ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு. கற்றுக்கொள்ள வந்த அன்றைக்கே அவளை ‘வாத்தியாரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்?

அதற்கு முன்பு அவர் கார்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கீறல் எங்கே விழுந்தது என்று காரின் சொந்தக்காரரே தடவித் தேட வேண்டும், அப்படி அடிப்பார். ஸ்பிரே புகை நெஞ்சில் இறங்கிவிட்டது. இனிமேல் அதைத் தொட்டால் தன்னிடம் வர வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்த மாடிப்படி ஏறினார்.

“இத்தன வருசமா பழசப் புதுசாக்கிட்டேன். புதுசப் பழசாக்கச் சொல்லிக் குடுங்க வாத்தியாரம்மா.”

“அது கஷ்டமாச்சே அண்ணாச்சி.”

“இருக்கட்டும். நான் விடப்போறதில்ல.”

விடவும் இல்லை. மெல்லிய மரச்சில்லைக் கம்பிப் பிரஷால் இழுத்து ரேகை உண்டாக்கக் கற்றுக்கொண்டார். கறுப்பு மையை ஸ்பிரிட்டில் கரைத்து அந்த ரேகைக்குள் ஓடவிடக் கற்றுக்கொண்டார். பிரஷைத் துணியில் துடைத்துத் துடைத்து, பெயிண்ட் இருக்கிறதா இல்லையா என்று பிரஷுக்கே சந்தேகம் வந்த பிறகு, மேட்டில் மட்டும் பட்டும் படாமலும் தடவக் கற்றுக்கொண்டார். மூச்சு வாங்கினால் எழுந்து ஜன்னலோரம் போய் நிற்பார். வாங்கி முடிந்ததும் திரும்பி வந்து உட்காருவார்.

அந்தச் சமயத்தில்தான் முள்ளித்துறை வேலை வந்தது.

முள்ளித்துறை ஒரு கடற்கரை ஊர். அதன் வழியாக மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு சாலை போட இருந்தார்கள். சாலை போகிற நேர்கோட்டில் ஊரின் சந்தியாகப்பர் குருசடி நின்றது. எந்தக் காலத்திலோ புயலில் உடைந்த தோணியின் பலகைகளைக் கொண்டு ஊர்க்காரர்களே கட்டிய சின்னக் கோயில் அது. சாலை கொஞ்சம் வளைந்தால் குருசடி பிழைக்கும். வளையாவிட்டால் இல்லை. அதை முடிவு செய்ய வேண்டிய குழு சென்னையில் இருந்தது. நேரில் வந்து பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. கடற்கரையை அப்படியே சின்னதாகச் செய்து கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று வடிவிடம் சொல்லிவிட்டார்கள்.

“ஏற்கனவே ஒரு இஞ்சினியர் பாத்துட்டு, பாழடஞ்ச மரக் கொட்டகைன்னு சொல்லியிருக்காராம்,” என்றாள் வடிவு. “புதுசாத் தெரிஞ்சா நேத்து கட்டுனதுன்னு எடுத்துருவாங்க. பாழாத் தெரிஞ்சாலும் எடுத்துருவாங்க.”

“அப்ப எப்படித் தெரியணும்?”

வெட்டி வைத்திருந்த மரச்சில்லுகளை வடிவு அவர் பக்கம் தள்ளினாள். “குருசடிய நீங்க செய்ங்க அண்ணாச்சி.”

ஒரு ஊரின் சாமி தன் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தபோது ஆவுடையப்பனுக்கு நெஞ்சை அடைத்தது. இந்தத் தடவை அது புகையால் வந்ததில்லை.

முதலில் செய்ததைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தார். செல்போனில் வெளிநாட்டுக்காரர்கள் செய்துகாட்டுகிற படங்களை எல்லாம் விழுந்து விழுந்து பார்த்திருந்தார். பலகைகள் வெள்ளிபோல் நரைத்து, விளிம்பு நைந்து, பார்க்க அவ்வளவு அழகு.

வடிவு குனிந்து பார்த்தாள்.

“முள்ளித்துறையில பனி எப்ப பெஞ்சுது அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் அதை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார். ஸ்பிரிட்டால் கழுவி, துடைத்து, மறுபடியும் ஆரம்பித்தார்.

இரண்டாம் முறை ஊருக்கே போய்ப் போட்டோ எடுத்து வந்தார். அங்கே பலகைகள் நரைத்திருக்கவில்லை. எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்தும் சிவந்தும் இருந்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. நிறம் பிடிபட்டுவிட்டது. ஆனால் அந்த ‘ஒன்றைப்போல் ஒன்று இல்லை’தான் அவரைப் படாத பாடு படுத்தியது. கையைச் சும்மா விட்டால் அது ஒரு ஒழுங்கில்தான் போகும். கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று பாய் பின்னிவிடும். பல வருடங்கள் ஒரே சீராக அடித்துப் பழகிய கை அது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பேத்தி விளையாடுகிற சோழிகளை எடுத்து வந்தார். பலகைக்குப் பலகை குலுக்கிப் போட்டார். மல்லாந்து விழுந்தால் கறுப்பு, குப்புற விழுந்தால் சிவப்பு, இரண்டும் கலந்து விழுந்தால் நடுவாந்தரம். போட்டோவைப் பார்த்துப் பலகை பலகையாகச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. தீக்குச்சி அகலப் பலகையை யார் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

வடிவு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“நல்லாருக்கு.”

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் லேசில் வராது. ஆவுடையப்பன் தலைகால் தெரியாமல் நின்றார்.

“அப்ப முடிஞ்சுதா வாத்தியாரம்மா?”

“எனக்குத் தெரியல. அந்த ஊர்ல இருந்து யாரையாவது வரச் சொல்லுவோம்.”

வந்தவள் பெயர் பிலோமினா. இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை. வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். ஐஸில் கிடந்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மேசை மேல் இருந்ததைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஆத்தாடி! எங்க குருசடியேதான்! மணி கட்டுற கம்பு கூட இருக்கு!”

ஆவுடையப்பனுக்குக் காது வரைக்கும் சிரிப்பு.

அவள் சுற்றி வந்தாள். கூரையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு சுவரின் பக்கம் குனிந்து, விரலால் காற்றிலேயே ஒவ்வொரு பலகையாகத் தொட்டுக்கொண்டு போனாள். விரல் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

“எங்க வீட்டுப் பலக எங்க அண்ணாச்சி?”

“உங்க பலகையா?”

“வீட்டுக்கு ஒரு பலகைல்லா. திருநாளுக்கு முன்ன அவங்கவங்க பலகைக்கு அவங்கவங்க எண்ண பூசணும். எங்களுது வாசலுக்கு எடப்பக்கம், மூணாவது.” அவள் விரல் மறுபடியும் அந்த இடத்துக்கு வந்தது. “இதுல பூசியிருக்கே.”

சோழி அங்கே மல்லாந்து விழுந்திருந்தது. சுவரிலேயே நல்ல கறுப்பு அந்தப் பலகைதான்.

“ஆமா,” என்றார் ஆவுடையப்பன். “எல்லாத்துலயும் பூசியிருக்குல்லா?”

“நாங்க பூசலியே.”

அவர் வடிவைப் பார்த்தார். வடிவு பிலோமினாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்டுக்காரரு போன திருநாளுக்கு முந்துன மாசம் கடலுக்குப் போனாரு. வரல. துக்க வீட்டுல ஒரு வருசம் பூசக்கூடாது. பலக வெளுத்துப் போயித்தான் கெடக்கும். வாரவங்க போறவங்க பாத்தா, கடலோட போன பெர்க்மான்ஸ் வீட்டுப் பலகன்னு தெரிஞ்சிக்கிடுவாங்க. ஒரு நிமிசம் நிப்பாங்க.” அவள் சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. “அதுக்கென்ன அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாதுல்லா. நல்லாத்தான் இருக்கு.”

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நல்லாத்தான் இருக்கு என்றதுதான் தாங்கவில்லை. சோழியைக் குலுக்கிப் போட்டு ஒரு வீட்டின் துக்கத்தை முடித்து வைத்துவிட்டோமே என்று அவருக்குக் கூசியது.

“இது உங்களுக்குத் தெரியுமா வாத்தியாரம்மா?”

“தெரியாது. எனக்கும் இப்பத்தான் தெரியும்.”

ஆவுடையப்பன் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தார். துணியை நனைத்துச் சுவரின் ஒரு கோடியிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

“மாத்த வேண்டியது ஒரு பலகைதான அண்ணாச்சி?” என்றாள் வடிவு.

“மிச்சத்த மட்டும் யாரு பூசுனா? அதுவும் சோழி பூசுனதுதான?”

சுவர் முழுக்க வெறும் மரமாக ஆகும் வரை அவர் கை நிற்கவில்லை.

மறுநாள் பிலோமினாவோடு குருசடியைச் சுற்றி நடந்தார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். இதென்ன பாதிப் பலகை கறுப்பு, பாதி வெளுப்பு?

“அது மச்சாடோ தாத்தா பலக. கை தோளுக்கு மேல தூக்க முடியாது. மகன் பூசுதேன்னு வந்தா அடிக்கப் போவாரு. எட்டுற மட்டும்தான் எண்ண ஏறும்.”

“இது குறுக்கால ரெண்டு நெறமா இருக்கே?”

“அண்ணந்தம்பி பாகம் பிரிஞ்சப்ப பலகையையும் பிரிச்சுக்கிட்டாங்க. மேல மீனெண்ண, கீழ முந்திரிக்கொட்ட எண்ண. சண்ட தீந்து சேந்தாச்சு. பலகதான் இன்னும் சேரல.”

ஒரு பலகையில் நீலக் கப்பல் பெயிண்ட். ஒன்றில் எண்ணெய் வழிந்து காய்ந்த கோடுகள், அது கல்யாணமாகி வந்த புதுப்பெண் முதல் முதலாகப் பூசியதாம். ஆவுடையப்பன் ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நின்றார். கடைசியில் வாசலுக்கு இடது பக்கம் வந்தார்கள். மூன்றாவது பலகை வெளிறி, ரேகை பிளந்து, உப்புப் பூத்துக் கிடந்தது. இருவரும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார்கள்.

அதற்குப் பிறகு மாடியில் அவர் வேலை செய்ததைப் பார்த்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். தின்ன மறப்பார். இருமல் வந்தால் பிரஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருமி முடிப்பார், பலகையில் ஒரு சொட்டு சிந்தாது. மச்சாடோ தாத்தாவின் பலகையைச் செய்யும்போது தன் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டார். புதுப்பெண் பலகைக்கு மட்டும் பெயிண்டை வேண்டுமென்றே அதிகமாகத் தோய்த்து வழியவிட்டார். வழிந்தது கோணலாகப் போயிற்று. கோணலைத் திருத்தாமல் விடுவதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மூன்றாவது பலகையைக் கடைசியாகச் செய்தார். எண்ணெய்ப் பூச்சே இல்லை. ரேகையை ஆழமாக இழுத்து, மையை ஓடவிட்டு, வெள்ளையைத் தொட்டும் தொடாமலும் தடவினார். முடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

கண் வேறெங்கும் போகவில்லை. வாசல் பக்கத்திலேயே, சுவருக்கே சொத்தை விழுந்ததுபோல் அந்த ஒரு பலகை வெளுத்து நின்றது.

“வாத்தியாரம்மா, இங்க வாங்க. இதப் பாத்தா என்ன தோணுது?”

“வெளுத்திருக்கு.”

“சென்னையில இருக்கவனுக்கு வெளுத்திருக்குன்னா தோணும்? உளுத்திருக்குன்னுதான தோணும். ஒத்தப் பலகையப் பாத்துட்டுப் பாழ்னு சொல்லிருவான். குருசடி போயிரும். பூசிட்டா குருசடி நிக்கும். ஆனா பொய்.” அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “நான் என்ன செய்ய? நீங்க சொல்லுங்க, செய்யுதேன்.”

வடிவு அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். மற்றப் பலகைகளுக்குப் பூசிய அதே செங்கறுப்பை அதில் கொஞ்சம் ஊற்றி மூடினாள். மெல்லிய பிரஷ் ஒன்றையும் எடுத்து, இரண்டையும் அவர் சட்டைப் பையில் போட்டாள்.

“வச்சிக்கிடுங்க.”

“இதுவா பதிலு?”

அவள் கீழே போய் வேனுக்குப் போன் பண்ண ஆரம்பித்துவிட்டாள். ஆவுடையப்பனுக்குக் கோபம் கோபமாக வந்தது. கேட்டால் வாயைத் திறந்து சொல்வதற்குத்தானே வாத்தியார்?

சென்னையில் அந்த அலுவலகத்தின் நீள மேசை மேல் முள்ளித்துறை போய் இறங்கியது. கடல், மணல், படகுகள், ஓட்டு வீடுகள், அவற்றின் நடுவே குருசடி. குழுவில் மூன்று பேர். தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

“பாழடைஞ்சதுன்னு சொன்னாங்களே. அப்படித் தெரியலையே. நல்லா எண்ணெய் போட்டு வச்சிருக்காங்க.”

ஆவுடையப்பன் மூச்சை விட்டார்.

“இந்த ஒண்ணு மட்டும் என்ன, உளுத்துப் போச்சா?”

தலைவரின் விரல் மூன்றாவது பலகையில் இருந்தது. பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தலைவர் நிமிர்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இத எடுக்க மனசில்ல. ஆனா எங்க முடிவோட இந்த மாடலும் மேலிடத்துக்குப் போகும். அங்க இந்த ஒரு பலகைய வச்சே கதைய முடிச்சிடுவாங்க. இத மட்டும் கொஞ்சம் சரி பண்ணிடுங்களேன். உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலைதானே?”

இரண்டு நிமிஷம் கூட வேண்டாம். இரண்டு இழுப்பு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கீறலை இல்லாமல் ஆக்குவதில் ஆவுடையப்பனை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. அவர் கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று. டப்பாவின் மூடி விரலில் தட்டுப்பட்டது.

வடிவைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை.

பூசினால் ஒரு ஊருக்குக் கோயில் நிற்கும். இதைவிடப் பெரிய நியாயம் என்ன வேண்டும்? இந்த ஒரு பலகைக்காக எல்லாம் போனால், அந்தப் பிலோமினாவின் முகத்தில் எப்படி முழிப்பது? அவளே வந்து நின்றிருந்தால், பூசுங்க அண்ணாச்சி என்றுதான் சொல்லியிருப்பாளோ? சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் இங்கே இல்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

ஆவுடையப்பன் கையை வெளியே எடுத்தார். வெறுங்கைதான் வந்தது.

“அது என் பலகை இல்ல சார்,” என்றார்.

“என்னது?”

“அது பிலோமினா வீட்டுப் பலகை. கடலுக்குப் போன வீட்டுக்காரரு திரும்பல. துக்க வீட்டுல ஒரு வருசம் எண்ண பூச மாட்டாங்க. உளுக்கல சார். காத்திருக்கு.”

“அப்போ மத்ததெல்லாம்?”

“அவங்கவங்க வீடு. இது மச்சாடோ தாத்தா. கை எட்டுன மட்டும் பூசியிருக்காரு. இது ஒரு அண்ணந்தம்பி. இது புதுசா வந்த மருமக.” அவர் நிறுத்தவில்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சொல்லி முடித்தார். “பாழாப் போன கோயிலுக்கு இத்தன பேரு பூசுவாங்களா சார்? நீங்க இத எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி. அந்தப் பலகைய நான் தொட மாட்டேன்.”

தலைவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தார். இப்போது அவர் சுவரை மொத்தமாகப் பார்க்கவில்லை. பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டு போனார். மூன்றாவது பலகையில் கொஞ்சம் நின்றார்.

“அந்தம்மா எப்போ பூசுவாங்க?”

“ஜூலைத் திருநாளுக்கு சார்.”

“நான் வந்து பார்க்கலாமா?”

பக்கத்திலிருந்தவர் கனைத்தார். “சார், ஏப்ரல்ல வேலைய ஆரம்பிக்கணும்.”

“ஜூலை வரைக்கும் ஆரம்பிக்க வேணாம்,” என்றார் தலைவர். “நான் போய்ப் பார்த்துட்டு வந்து ரோட்டுக்குக் கோடு போடலாம்.”

வெளியே வந்து டீக்கடையில் நின்றார்கள். ஆவுடையப்பன் டீயைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து டப்பாவையும் பிரஷையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். கோபம் இன்னும் ஆறவில்லை.

“பூசாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லாம இதத் தூக்கிக் கையில குடுத்து அனுப்புனீங்க. நான் அங்க பூசியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

வடிவு டீயை ஆற்றினாள்.

“நான் சொல்லியிருந்தா, பூசாம விட்டது நானாத்தான இருக்கும்? பூசியிருந்தா நல்லாத்தான் பூசியிருப்பீங்க அண்ணாச்சி.”